கழுத்தளவில் நின்ற இலைகள்

ஈட்டிப்பாறையில் மாசி மாதம் மூன்றாம் தேதி காலையில் தேக்கிலைகள் தரைக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. கிளையை விட்டு எப்போதும்போலத்தான் கழன்றன, எப்போதும்போலத்தான் சுழன்றன, முறம் அகலமுள்ள ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சாய்ந்து சாய்ந்து இறங்கி, ஒரு ஆளின் கழுத்து உயரத்துக்கு வந்ததும், இவ்வளவு தூரம் வந்தது போதும் என்பதுபோல அப்படியே அந்தரத்தில் நின்றன. முதல் நாள் பத்து இருபது நின்றன. இரண்டு வாரத்தில் மலையடிவாரக் காட்டிலிருந்து ஊர்ச் சாவடி வரைக்கும், சாவடியிலிருந்து கடைசி வீட்டு மாட்டுத்தொழு வரைக்கும், ஊருக்கு இன்னொரு கூரை போட்டதுபோல நெருக்கி நின்றன. மேலே வெயில், கீழே பழுப்பு நிழல், நடுவே சனங்கள்.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள நான்கு நாள் பிடித்தது. உயரமான ஆண்கள் குளத்தில் நீந்துகிறவர்களைப்போலத் தலையை மட்டும் இலைக்கு மேலே நீட்டிக்கொண்டு போனார்கள். குள்ளமானவர்கள் பிறந்ததிலிருந்து அனுபவிக்காத ஒரு மரியாதையோடு இலைக்குக் கீழே நிமிர்ந்து நடந்தார்கள். நடுத்தர உயரக்காரர்கள்தான் பாவம், மூக்கிலும் வாயிலும் இலை அடித்து அடித்து, கடைசியில் குனிந்து நடப்பதே சுகம் என்று முடிவுசெய்தார்கள். கையால் தள்ளினால் இலை விலகும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். விளக்குமாறு பயன்படவில்லை. சாக்கில் அடைத்துக் கட்டினால் சாக்கே கழுத்தளவுக்கு எழும்பி நின்றது. அதைக் கண்ட பெண்கள் சாக்கின் அடியில் தண்ணீர்க் குடத்தைக் கட்டித் தொங்கவிட்டு, கன்றுக்குட்டியை இழுத்துப்போவதுபோல ஒரு கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனார்கள். பக்கத்து வீட்டு மரத்து இலை தன் வாசலில் நிற்பதாக இரண்டு பங்காளிகள் சண்டைக்குப் போனார்கள். தாலுகாவிலிருந்து வந்த ஆள் குடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, இலைகள் தரையைத் தொடாததால் அவற்றைக் குப்பை என்று சொல்ல முடியாது என்று எழுதிக்கொண்டு போனார்.

பயந்தவர் வனவர் குணசீலன் ஒருவர்தான். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கோடையில் காட்டுத்தீ எப்படி நடக்கும் என்று பார்த்தவர். தீ தரையில் கிடக்கும் சருகைப் பிடித்துத்தான் ஊர்ந்து வரும்; காட்டுக்கும் ஊருக்கும் நடுவே நான்கு ஆள் அகலத்துக்குச் சருகை ஒதுக்கி வெறுந்தரையாக்கி வைத்தால், தீ அந்தக் கோடு வரை வந்து, தின்ன எதுவும் இல்லாமல் செத்துப்போகும். ஆனால் இப்போது சருகு தரையில் இல்லை. கோட்டுக்கு மேலேயும் அது கூரையாக நின்றது. எங்கோ ஒரு பொறி விழுந்தால் தீ அந்தக் கூரை வழியாகவே நடந்து வந்து, ஓலை வீடுகளுக்குள்ளும் வைக்கோல் படப்புகளுக்குள்ளும் நேராக நுழைந்துவிடும். இலைகள் ஒன்றுக்கு மட்டும்தான் கட்டுப்பட்டன: முதுகில் மாட்டிக்கொள்கிற, பெட்ரோலில் ஓடுகிற, வனத்துறையின் இலை ஊதும் மிஷினுக்கு. முதல் தடவை அது ஒரு நிமிஷம் இருமி ஓடி அணைந்ததில், அதன் குழாயிலிருந்து வந்த காற்று பட்ட இலை போன இடத்திலேயே நின்றது, திரும்பி வரவில்லை. அந்த மிஷின் வட்டாரத்துக்கே ஒன்றுதான் இருந்தது. அதுவும் அதற்குப் பிறகு ஓடவில்லை.

சின்ன இன்ஜின் எதுவானாலும் அந்தப் பக்கத்தில் முத்துப்பேச்சியிடம்தான் போகவேண்டும். மருந்தடிக்கிற மிஷின், புல் வெட்டுகிற மிஷின், மரம் அறுக்கிற மிஷின் என்று பத்தொன்பது வருஷமாகப் பழுது பார்க்கிறாள். நாற்பத்திரண்டு வயது, நடுத்தர உயரம், கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர், வாயில் எப்போதும் ஒரு முடிவு. தெரியாது என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. மிஷினைச் சுமந்து வேலை செய்கிற தீத்தடுப்புக் காவலன் மாடக்கண்ணு அவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஏழு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அவள் சரிபார்த்துக் கொடுத்த மரம் அறுக்கும் மிஷினின் செயின் அறுந்து அவன் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. மிஷினில் தப்பில்லை, நீதான் செயினை இறுக்கிப் பார்க்கவில்லை என்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னாள். அன்றைக்கு நின்ற பேச்சு.

ஆகவே மாடக்கண்ணு பட்டறை வாசலில் மிஷினை இறக்கிவைத்துவிட்டு, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு வனவரிடம் சொன்னான்.

"சார், அவியகிட்டச் சொல்லுங்க, கயிற எத்தன தடவ இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குதுன்னு."

குணசீலன் முத்துப்பேச்சியிடம் திரும்பினார். "ஸ்டார்ட் ஆகலையாம்மா."

"எனக்குக் காது கேக்கும் சார். போன வருஷத்துப் பெட்ரோல அப்படியே விட்டுவச்சிருந்தானான்னு கேளுங்க."

"விட்டுவச்சிருந்தியாப்பா?"

"விட்டுவச்சிருந்தேன்னு சொல்லுங்க."

"பெறகு எப்படி ஸ்டார்ட் ஆகும்? சாயங்காலம் வந்து எடுத்துக்கிடச் சொல்லுங்க," என்றாள் முத்துப்பேச்சி, திறப்பதற்கு முன்பே.

திறந்தபோது அவள் சொன்னபடிதான் இருந்தது. பழைய பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் நாறியது. கொட்டிவிட்டு, லிட்டருக்கு இருபது மில்லி ஆயில் கலந்து புதுப் பெட்ரோல் ஊற்றினாள். பிளக்கைக் கழற்றினாள், கரி பிடித்து நனைந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இன்ஜின் உடம்பில் அதைச் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தாள், நீலப் பொறி அடித்தது. காற்று வடிகட்டியைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டாள். கார்ப்பரேட்டரைப் பிரித்து, பிசின் அடைத்திருந்த துளைகளை மெல்லிய கம்பியால் குத்திவிட்டு, விறைத்துப்போன ரப்பர் சவ்வைக் கழற்றிப் புதுசு போட்டாள். சைலன்சர் வாய்க்குள் இருக்கிற கம்பிவலை கரியால் மூடிக் கிடந்தது. அதை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தட்டினாள். இரண்டாவது இழுப்பில் மிஷின் உயிர் பெற்று உறுமியது. பட்டறை முன்னால் நின்ற இலைகள் மந்தைபோல ஒதுங்கின. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். முத்துப்பேச்சி கைதட்டலை வாங்கிக்கொள்ளாமல், ஆனால் கேட்காமலும் இல்லாமல், கையைத் துடைத்தாள்.

மறுநாள் மாடக்கண்ணு காட்டோரத்துக்குப் போனான், அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"பத்து நிமிஷம் ஓடுது, நின்னுபோகுதுன்னு சொல்லுங்க சார்."

"ஓடுது, நின்னுபோகுதாம்மா."

முத்துப்பேச்சி டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. மூடினாள், கயிற்றை இழுத்தாள், முதல் இழுப்பிலேயே பிடித்தது. அஞ்சு நிமிஷம் ஓடவிட்டாள், நிற்கவில்லை. "மிஷினு நல்லாத்தான் இருக்கு. பிடிக்கிற கைதான் சரியில்ல," என்றாள். வனவர் அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தம்பியிடம் ஒப்பிக்கவில்லை. ஆனால் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கும் காது இருந்தது.

இப்படியே மூன்று தடவை நடந்தது. காட்டோரத்தில் நிற்கும், பட்டறையில் ஓடும். அவள் பிளக் கம்பியை மாற்றினாள், பெட்ரோல் டியூபை மாற்றினாள், டேங்குக்குள் கிடக்கும் வடிகட்டியைக் கொக்கிபோட்டு எடுத்து மாற்றினாள், காயிலை இன்னொரு மிஷினிலிருந்து கழற்றிப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் மிஷின் அவள் கையில் குணமாகிவிட்டது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? ஊரில் சிரிக்க ஆரம்பித்தார்கள். முத்துப்பேச்சிக்கு வெட்கப்பட்டு மிஷின் ஓடுகிறது, மாடக்கண்ணுவைப் பார்த்தால் தூங்குகிறது என்றார்கள். சிரிப்போடு சிரிப்பாக இலையும் கூடிக்கொண்டே போயிற்று. ஒரு அடுக்கு இரண்டு அடுக்காகி, பகலிலேயே வீட்டுக்குள் லைட் போட்டார்கள்.

மாசி இருபத்தேழாம் தேதி, சூரியன் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில், மேற்கே மலைச்சரிவில் புகை தெரிந்தது. முதலில் பார்த்தவர்கள் உயரமானவர்கள். இலைக்கு மேலே தலை இருந்ததால் அவர்களுக்குத்தான் மலை தெரிந்தது. அவர்கள் கத்தினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தெய்வானை, நாலரை அடி உயரம், இலைக்குக் கீழே நிமிர்ந்த நடையில் தெருத்தெருவாக ஓடி, பிள்ளைகளையும் மாடுகளையும் கிழக்கே கண்மாய்க்கு அனுப்பச் சொன்னாள். மற்றவர்கள் சாக்குகளை நனைத்துக்கொண்டு காட்டோரத்துக்குப் போனார்கள். இரண்டு மணி நேரத்தில் தீ இங்கே இருக்கும் என்றார் குணசீலன். கோடு ஒரு மைல் நீளம். மிஷின் பட்டறையில் உட்கார்ந்திருந்தது, அவள் முன்னால், எந்தக் குறையும் இல்லாமல்.

முத்துப்பேச்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மாற்றாத சாமான் அதில் இனி எதுவும் இல்லை. ஒரு இன்ஜினுக்கு வேண்டியது பெட்ரோல், பொறி, காற்று, அமுக்கம், நான்கும் இருந்தன. இந்த மிஷின் நிற்கிற அந்தக் கணத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பார்த்த ஆள் ஒருவன்தான். அவனிடம் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மிஷினைத் தானே தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து காட்டோரத்துக்கு ஓடினாள். மாடக்கண்ணு அங்கே ஒரு பச்சைக் கிளையை ஒடித்து வைத்துக்கொண்டு, தனியாக இலையை அடித்து விரட்டிக்கொண்டிருந்தான். விரட்டிய இலை திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தது. அவள் நேராக அவன் முன்னால் போய் நின்றாள். வனவர் பக்கத்தில்தான் இருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"ஏல, எனக்குத் தெரியல."

மாடக்கண்ணு கிளையைக் கீழே விட்டான்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன். எதனால நிக்கின்னு எனக்குத் தெரியல. நிக்கதுக்கு முன்ன என்ன செய்யுது? நீ சொல்லு."

அவன் அக்காவைப் பார்த்தான். ஏழு வருஷத்தில் அவள் நெற்றியோரம் நரைத்திருந்ததை அப்போதுதான் கண்டான்போல, ஒரு நிமிஷம் அதையே பார்த்தான்.

"சட்டுன்னு நிக்கல," என்றான். "மொதல்ல கொரல் மெலியும். ஓடுத ஓட்டத்த விட ஜாஸ்தியா, கீச்சுன்னு ஏறும். பெறகுதான் சாகும். அந்த ரப்பர்க் குமிழ் இருக்குல்லா, ஸ்டார்ட் பண்ணும்போது அமுக்குறது, அத அப்ப அமுக்குனா அமுங்குனபடியே கெடக்கும், திரும்ப ஊதாது. கால் மணி நேரம் கீழ வச்சிட்டு எடுத்தா மறுபடியும் பத்து நிமிஷம் ஓடும்."

"இத ஏம்ல மொதல்லயே சொல்லல?"

"யார்ட்ட சொல்ல?"

முத்துப்பேச்சி கயிற்றை இழுத்து இன்ஜினைப் பிடிக்கவைத்து, அந்த இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டாள். தீயின் நாற்றம் வரத் தொடங்கியிருந்தது. பத்தாவது நிமிஷம் குரல் மெலிந்து, கீச்சிட்டு ஏறி, நின்றது. குமிழை அமுக்கினாள், செத்த தவளை வயிறுபோல ஒட்டிக்கிடந்தது. மூடியில் கையை வைத்து, இந்தத் தடவை காதைக் கிட்டே கொண்டுபோய், மெல்ல, மிக மெல்லத் திருகினாள். டேங்க் உஸ் என்று நீளமாக மூச்சை இழுத்தது. குமிழ் தானாக உப்பிக்கொண்டது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மூடியில காத்துப் போற வழி அடச்சிருக்கு. உள்ள காத்து போகாம பெட்ரோல் எப்படி வெளிய வரும்? நான் ஒவ்வொரு தடவையும் மூடியத் தெறந்து தெறந்து பாத்தேன். தெறந்ததும் சரியாப்போயிரும். நான்தான் வைத்தியம் பாத்திருக்கேன், எனக்கே தெரியாம."

மூடிக்குள் இருந்த சின்ன ரப்பர் ஊறிப் பெருத்து வழியை அடைத்திருந்தது. பிடுங்கி எறியலாம், ஆனால் இலைக்குக் கீழே குனிந்து நடக்கிறவன் முதுகில் பெட்ரோல் ஒழுகும், எதிரே தீ. வேறு மூடிக்கு டவுனுக்குப் போகவேண்டும். குணசீலன் மலையைப் பார்த்தார்.

"மிஷின மாட்டுல," என்றாள் முத்துப்பேச்சி. "நான் பின்னால வாரேன். கொரல் மெலியும்போது மூடியத் தளத்துதேன், மூச்ச இழுத்ததும் இறுக்குதேன். நீ நிக்காம போ."

அப்படியே போனார்கள். மாடக்கண்ணு முன்னால், குழாயை வலதும் இடதுமாக வீசிக்கொண்டு; முத்துப்பேச்சி அவன் முதுகை ஒட்டி, ஈரத்துணி சுற்றிய கையை மூடியில் வைத்துக்கொண்டு; அவர்களுக்கு முன்னால் இலைகள் சுவர் இடிவதுபோல இடிந்து காட்டுப்பக்கம் ஒதுங்க, பின்னால் வானத்திலிருந்து தரை வரைக்கும் ஒரு வெறும் பாதை திறந்துகொண்டே வந்தது. வாரக்கணக்கில் வெயில் படாத மண்ணில் வெயில் விழுந்தது. ஊர் அந்தப் பாதையின் இந்தப் பக்கம் வரிசையாக நனைந்த சாக்குகளோடு கூடவே நகர்ந்தது. காதுமூடி போட்ட தம்பிக்கு எதுவும் கேட்காது என்பது தெரிந்து, பாதி வழியில், அந்த உறுமலுக்குள், முத்துப்பேச்சி வாய்விட்டுச் சொன்னாள். செயினின் இணைப்புக் கண்ணியை அன்றைக்குச் சரியாக அடிக்கவில்லை என்று சொன்னாள். அவசரத்தில் கொடுத்தேன், தெரிந்துதான் கொடுத்தேன் என்று சொன்னாள். ஏழு வருஷம் தொண்டைக்குள் இருந்தது இவ்வளவு லேசாக வெளியே வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்த நிமிஷமே, யாருக்கும் கேட்காமல் சொன்னால் லேசாகத்தான் இருக்கும் என்பதும் புரிந்தது.

தெற்கே கோடு முடிகிற பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது தீ வந்துவிட்டது. அது தரையில் வரவில்லை, குணசீலன் சொன்னதுபோல இலைக்கூரை வழியாக, ஒரு ஆள் உயரத்தில், அகலமாக, அவசரமில்லாமல் நடந்து வந்தது. கீழே நின்ற கரையான் புற்றுகூடக் கருகவில்லை. வெறும் பாதையின் ஓரத்துக்கு வந்து நின்று, ஊர்ப்பக்கம் நிற்கும் இலைகளை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. தாவி வந்த பொறிகளை ஊர் சாக்கால் அடித்தது, தெய்வானை யாரும் அடிக்காத இடத்தை எல்லாம் அடித்தாள். கடைசியில் தீ தின்ன எதுவும் இல்லாமல், நின்ற இடத்திலேயே சாம்பலாயிற்று. சாம்பலும் கீழே விழவில்லை. வெள்ளை வெள்ளையாக, இலை வடிவத்திலேயே, நரம்புகூடக் கலையாமல் கழுத்தளவில் நின்றது.

மாடக்கண்ணு சுவிட்சை அணைத்துக் காதுமூடியைக் கழற்றினான். சட்டென்று எல்லோருடைய மூச்சும் கேட்டது. முத்துப்பேச்சி இன்னும் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மாடா," என்றாள். ஊரே அங்கே நின்றது. "அந்தச் செயின் கண்ணிய நான்தான் சரியா அடிக்கல. தப்பு எம்மேல."

மாடக்கண்ணு மிஷினை இறக்கிவைக்க நேரம் எடுத்துக்கொண்டான்.

"தெரியும்க்கா," என்றான். "நீ சொல்லணும்னுதான் இருந்தேன்."

பிறகு முகத்தில் இருந்த கரியைத் தோளில் துடைத்துக்கொண்டு, "பசிக்கி. வீட்ல என்ன இருக்கு?" என்று கேட்டான். பழைய சோறும் சுண்டவத்தலும்தான் இருந்தது. அவன் மூன்று தட்டு சாப்பிட்டான், வத்தல் கருகிவிட்டது என்று குறையும் சொன்னான். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

பங்குனி பத்தாம் தேதி ஒரு கோடைமழை பெய்தது. சாம்பலும் இலையும் ஒரே நிமிஷத்தில், பெரிய ஜமுக்காளத்தை உதறிப் போட்டதுபோல, தொப்பென்று தரைக்கு வந்தன. குள்ளமானவர்கள் கொஞ்ச நாள் முகம் வாடி நடந்தார்கள்; உயரமானவர்கள் இல்லாத இலைக்குப் பயந்து இன்னும் ஒரு வாரம் தாடையை உயர்த்தியே நடந்தார்கள்; பெண்கள் குடத்தை மறுபடியும் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, சாக்கு இருந்தபோது எவ்வளவு நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். தாலுகாவிலிருந்து ஆள் வந்து, இப்போது குப்பைதான் என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த வாரக் கடைசியில் குணசீலன் இரண்டு சேதிகளோடு வந்தார். மிஷினுக்குப் புது மூடி வந்துவிட்டது. மலைக்குத் தெற்கே, மழை எட்டிப் பார்க்காத ஆலங்கரட்டில், நேற்றுக் காலையிலிருந்து புங்க இலைகள் முழங்கால் உயரத்தில் நிற்கின்றனவாம். அந்த ஊர்க்காரர்கள் மிஷினையும் ஆளையும் கேட்டிருக்கிறார்கள். முத்துப்பேச்சி புது மூடியைத் திருகி, திறந்து, காதருகே வைத்துப் பார்த்துத் திருப்தியானாள். மாடக்கண்ணு மிஷினை முதுகில் மாட்டினான். அவள் பட்டறைக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் வந்து நின்றாள்.

"புது மூடிதான் போட்டாச்சே, எக்கா. நீ எதுக்கு வாரே?"

"மிஷினு ஓடும்போது என்ன செய்யுதுன்னு நீ சொல்லிட்டே வா," என்றாள் முத்துப்பேச்சி. "நான் கேட்டுட்டே வாரேன்."

"ஓடும்போது பேசுனா ஒனக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்கலன்னா இன்னொரு தடவ சொல்லு," என்று அவனை முன்னால் தள்ளிவிட்டு நடந்தாள்.